மதினியின் கன்னத்தில் நான் போட்ட கோடு

பல் வலி என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். மதினியும் அப்படித்தான் சொன்னார். கிராம்பை நசுக்கி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினார்.

மதினி என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. கல்யாணமாகி மூன்றாம் வருஷமே புருஷனை இழந்து, ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தவர். அப்போது என் கணவருக்குத் தாயும் இல்லை. பத்து வயதுத் தம்பியை வளர்த்து, படிக்க வைத்து, திருவரங்குளம் யூனியன் ஆபீசில் குமாஸ்தா வேலையில் சேரும் வரை கடலைக் காட்டையும் நாலு முந்திரி மரத்தையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். நான் மருமகளாக வந்தபோது மாமியார் ஸ்தானத்தில் அவரே இருந்தார். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் என்பதால் என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டீச்சரம்மா" என்பார். நான் டீச்சர் வேலை பார்த்ததில்லை. ரசத்தில் உப்பு கூடினால், "டீச்சரம்மா, ஒங்க பள்ளிக்கூடத்துல உப்புக்குப் பாடம் நடத்தலையா?" என்று கேட்பார்.

அவருக்கு வலது கன்னத்தில் புகையிலை அடக்கும் பழக்கம். கடலை உடைக்க உட்கார்ந்தால் ஒரு துண்டு உள்ளே போகும். சாப்பாட்டு நேரம் வரை அது அங்கேயே இருக்கும். அந்த இடத்தில்தான் புண் வந்தது. காரம் படவில்லை, பிறகு சுடுசோறு படவில்லை, பிறகு வாயை முழுதாகத் திறக்கவே முடியவில்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் வெளியே உட்காரச் சொல்லி, என் கணவரை மட்டும் நிறுத்திக்கொண்டார். என் கணவர் வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்து மதினிதான் முதலில் பேசினார்.

"என்னடா, பல்லு இல்லையா?"

"பட்டணத்துக்குப் போகணும்க்கா. அங்க இதுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி இருக்காம்."

யார் கூடப் போவது என்ற பேச்சு ஒரே நாளில் முடிந்துவிட்டது. என் கணவருக்குப் பத்து நாளுக்கு மேல் லீவு கிடைக்காது, கொண்டுபோய் விட்டு வரத்தான் முடியும். போர்டுகளைப் படித்து, டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்ளத் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது நான் ஒருத்திதான். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பால் மறக்கவில்லை. வல்லத்திராக்கோட்டையிலிருந்து என் ஆத்தா வந்து, அழ அழ அவளைத் தூக்கிக்கொண்டு போனார். ரயிலில் விழுப்புரம் தாண்டுவதற்குள் எனக்கு மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. மதினிதான் தன் சேலையைக் கிழித்து ஈரத் துணி வைத்தார். அவரைக் கவனிக்க நான் போனேன். முதலில் அவர்தான் என்னைக் கவனித்தார்.

அப்படி ஒரு ஆஸ்பத்திரியை நான் நினைத்துப் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் ஆஸ்பத்திரி என்றால் ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், ஒரு நீள வராந்தா. இங்கே ஒரே நோய்க்கு இத்தனை கதவுகள். பெயர் பதிகிற இடத்தில் ஊர் கேட்டார்கள், "திருச்சி ஜில்லா, ஆலங்குடிப் பக்கம்" என்றேன். கடிதம் போட விலாசம் கேட்டார்கள், என் கணவர் தன் ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்தார். அடுத்த கதவில் ரத்தம் எடுத்தார்கள். அதற்கடுத்ததில் புண்ணின் ஓரத்தில் கடுகளவு சதையைக் கிள்ளி எடுத்து ஒரு சீசாவில் போட்டார்கள். அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்ல நாலு நாள் ஆகும் என்றார்கள். அறுவைக்கென்று ஒரு பகுதி. கருப்பையில் நோய் வந்த பெண்களுக்கு ரேடியம் வைக்கும் வார்டு ஒன்று தனியாக இருந்தது. அங்கே பெற்ற மகளானாலும் கட்டில் பக்கம் போகக் கூடாது, வாசலில் நின்று பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். வாசலில் நிற்கிறவர்கள் ஏன் அவ்வளவு சத்தமாகப் பேசுகிறார்கள் என்று முதல் நாள் எனக்குப் புரியவில்லை.

மதினிக்கு கோபால்ட் மிஷின் என்று முடிவானது. அப்போது அது புதிது. வந்திருந்த எல்லோரும் அதைக் கரண்டு என்றுதான் சொன்னார்கள். கரண்டு வைப்பதற்கு முன்னால் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். கதிர் பட்ட தாடையில் பிற்பாடு பல் எடுத்தால் ஆறாதாம். அதனால் அந்தப் பக்கத்துப் பல்லை எல்லாம் முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். நல்ல பல், ஏழு பல். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு வெளியே வந்த மதினி, பஞ்சை எடுத்த பிறகு சொன்ன முதல் பேச்சு, "பல்லு வலின்னு நாஞ் சொன்னப்ப ஒருத்தனும் பல்லப் புடுங்கல. பல்லு இல்லன்னு தெரிஞ்ச பெறகு புடுங்குறாங்ய" என்பதுதான்.

என் கணவர் ஊருக்குத் திரும்பினார். ஆஸ்பத்திரியை ஒட்டி, வெளியூர் நோயாளிகள் தங்குவதற்கென்று வரிசையாக அறைகள் இருந்தன. அதில் ஒன்றில் நாங்கள் இருவரும் தங்கினோம்.

பல் எடுத்த இடம் ஆறியதும், கரண்டுப் பகுதியைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா மதினியின் கன்னத்தில் கோடு போட்டார். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, விரலால் தாடையைத் தடவிப் பார்த்து, அளவுகோல் வைத்து, ஊதா மையில் ஒரு கட்டம். மேல் கோடு காதுப் பக்கமிருந்து கன்ன எலும்புக்குக் கீழே ஓடியது, கீழ்க் கோடு தாடையை ஒட்டி. நடுவில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி. தினமும் அந்தக் கட்டத்துக்கு நேராகத்தான் மிஷினைத் திருப்புவார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் இருபத்தைந்து தடவை.

நர்ஸம்மா சொன்னதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். "இதுல தண்ணி படக் கூடாது. சோப்பு போடக் கூடாது. கடைசி நாள் வரைக்கும் கோடு இப்படியே இருக்கணும்." எண்ணெய் என்று அவர் சொல்லவில்லை. அந்த நோட்டை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் என்ற வார்த்தை இல்லை. ஆனால், கோடு இப்படியே இருக்கணும் என்று சொன்னார். அதையும் என் கையால்தான் எழுதியிருக்கிறேன்.

மிஷின் அறையின் சுவர் கோட்டைச் சுவர் போல இருக்கும். நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவை மூடிக்கொள்வார்கள். சில நிமிஷம்தான். "வலிக்குதா மதினி?" என்று முதல் நாள் கேட்டேன். "ஒண்ணுமே தெரியல. ஏமாத்துறாங்யளோ என்னமோ" என்றார்.

ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கன்னம் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது. வாய்க்குள் தோல் உரிந்தது. கஞ்சியைக்கூட ஆறவைத்துத் துணியில் வடிகட்டிக் கொடுத்தேன். மதினி எரியுது எரியுது என்றார். எந்த நோவையும் வெளியே சொல்லாதவர், இரண்டாம் வாரம் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தாவது கரண்டு வைத்துவிட்டு வந்திருந்தோம். உடம்பில் சூடு ஏறினால் எங்கள் பக்கம் வேறு யோசனையே கிடையாது, உச்சியில் எண்ணெய். பிறந்த பிள்ளையிலிருந்து கிழவர் வரை அதுதான். வெள்ளிக்கிழமை பெண்கள் எண்ணெய் வைக்காமல் இருப்பதும் இல்லை. மதினி இரண்டு வாரமாகத் தலைக்குத் தண்ணீர் விடாமல் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது.

"ஒரு கை எண்ணெய் வச்சு விடு தாயி. தண்ணி ஊத்த வேணாம். உச்சி குளுந்தாலே போதும்."

"நர்ஸம்மாவக் கேட்டுட்டு வச்சுவிடட்டுமா மதினி?"

"எண்ணெய் வைக்கிறதுக்கும் டாக்டரக் கேப்பியா? நல்லாப் படிச்ச போ."

நானும் யோசித்தேன். தண்ணீர்தானே கூடாது, எண்ணெய் தண்ணீர் இல்லையே, தலைக்குத்தானே, கன்னத்துக்கு இல்லையே என்று. விளக்கெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் வைத்துத் தேய்த்தேன். மதினி கண்ணை மூடிக்கொண்டார். பத்து நாளில் அன்றைக்குத்தான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் இன்னொரு கை எண்ணெயும் வைத்தேன். சுவரில் சாய்ந்தபடியே வலப்பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது, எண்ணெய் வெயிலுக்கு இளகி நெற்றிப்பொட்டு வழியாக இறங்கிக் காதுக்கு முன்னால் ஓடியிருந்தது. பதறிப்போய் முந்தானையால் துடைத்தேன். துடைத்திருக்கக் கூடாது. ஒற்றி எடுத்திருந்தால்கூட ஏதாவது மிஞ்சியிருக்கும். முந்தானையில் ஊதா ஒட்டிக்கொண்டது. கட்டத்தில் வாய்ப் பக்கம் பாதி இருந்தது. காதுப் பக்கம், இரண்டு மூலையும் சேர்த்து, சுத்தமாகப் போய்விட்டது.

மதினி விழித்து என் முகத்தைப் பார்த்தார். "அழிஞ்சிருச்சா?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் திட்டுவார் என்று நின்றேன். "சரி, காலையில போயிச் சொல்லு. அவங்கதான் போட்டாங்க, அவங்களே திரும்பப் போடட்டும்" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

நான் சொல்லியிருந்தால் அவ்வளவு சுலபமாகத்தான் முடிந்திருக்கும்.

அன்று சாயங்காலத் தபாலில் ஆத்தாவின் கடிதம் வந்தது. யாரிடமோ சொல்லி எழுத வைத்திருந்தார். பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது, வேப்பிலை கட்டியிருக்கிறது, அம்மன் சீக்கிரம் இறங்கிவிடுவாள், நீ கிளம்பி வர வேண்டும் என்று இல்லை. கிளம்பி வர வேண்டும் என்று இல்லை என்பதை எழுதுவதற்கு ஆத்தாவுக்கு ஏன் தோன்றியது என்று அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். மதினிக்கு அதை வாசித்துக் காட்டவில்லை.

சனிக்கிழமை காலையில் டாக்டரம்மாவின் அறை வாசலுக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவரிடம் அங்கிருந்த நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா வெளியூர் போயிருக்காங்க, வியாழக்கிழமைதான் வருவாங்க. அதுக்குப் பெறகுதான் படம் எடுத்து, கோடு போட்டு, எல்லாம். அதுவரைக்கும் உங்களுக்கு வைக்க முடியாது." வியாழன் என்றால் நாலு நாள் போய்விடும். பிறகு படம் எடுத்துக் கோடு போட இரண்டு நாள். ஒரு வாரம். பிள்ளையிடம் நான் போய்ச் சேர்வது இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போகும். என் முறை வந்தது. "என்னம்மா?" என்றார் நர்ஸ். "வாய்ப்புண்ணுக்கு மருந்து தீந்துபோச்சு" என்றேன். மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். மதினியிடம் டாக்டரம்மா ஊரில் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

வேறு டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டிருக்கலாம். அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் கோடு போட ஒரே ஒருவர்தான் இருப்பாரா? கேட்கவில்லை. கேட்டால் இருக்கிறார் என்று சொல்லியிருப்பார்களோ, இல்லை என்று சொல்லியிருப்பார்களோ, இரண்டுமே எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே கோடு போட்டேன். கடிதம் எழுத என் கணவர் ஆபீசிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பென்சில் ஒன்று இருந்தது. எச்சில் தொட்டு எழுதினால் ஊதாவாக மாறும் பென்சில். கோட்டின் நிறமும் கிட்டத்தட்ட அதுதான். மதினியை வெளிச்சத்துக்குத் திருப்பி உட்கார வைத்து, மிச்சமிருந்த கோட்டின் மேல் ஒரு கடித உறையின் ஓரத்தை வைத்து, நேராக நீட்டினேன். நீட்டுவது சுலபம். எங்கே நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை. மேல் கோடு காதுத் துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டிலிருந்து கிளம்பியதா, அதற்கு ஒரு விரற்கடை கீழிருந்தா? கீழ்க் கோடு தாடை எலும்பின் மேலேயே வந்ததா, எலும்பைத் தாண்டிக் கழுத்தின் மடிப்பு வரை இறங்கியதா? இரண்டு வாரம் தினமும் பார்த்த கோடு. கண்ணை மூடினால் கட்டம் தெரிந்தது, திறந்தால் கன்னம் மட்டும்தான் இருந்தது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் மதினி. "கோலம் போடுறேன்னு நெனச்சுக்க."

"நாளைக்குச் சொல்லிருவோமா மதினி?"

"ஏன், ஒனக்குக் கோடு போடத் தெரியாதா? படிச்சவதான?"

அவர் என்னைக் கேலி செய்தாரா, நம்பித்தான் சொன்னாரா என்று இன்றும் யோசிக்கிறேன். நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிற நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. எலும்பின் மேலேயே கீழ்க் கோட்டை முடித்தேன்.

திங்கட்கிழமை மிஷின்காரர் மதினியின் முகத்தைத் திருப்பி வைத்தபோது ஒரு நிமிஷம் நின்றார். நடுவயதுக்காரர், நிதானமானவர். "கோடு பளிச்சுன்னு இருக்கே, யார் போட்டது?" என்று என்னைக் கேட்டார். "இங்கதாங்க போட்டாங்க" என்றேன். நான் சொன்னது முழுப் பொய் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தலையசைத்துவிட்டு மிஷின் விளக்கைக் கட்டத்துக்கு நேராகத் திருப்பினார். கதவு மூடிக்கொண்டது. மீதிப் பதினைந்து தடவையும் என் கோட்டுக்குத்தான் வைத்தார்கள்.

நாங்கள் ஊர் திரும்பியபோது மகளுக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. அவள் என்னை அடையாளம் தெரியாமல் ஆத்தாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மதினியிடம் உடனே போனாள். கறுத்த கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

நாலு மாதத்தில் மதினியின் புண் முழுதாக ஆறிவிட்டது. வாய் அவ்வளவாகத் திறக்காது, ஆனாலும் குழைந்த சோறு சாப்பிட்டார். கடலை உடைக்க உட்கார்ந்தார். ஆலங்குடி சந்தைக்குப் பஸ்ஸில் தனியாகவே போய் வந்தார். கடவுள் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகவும் பிற்பாடு வருத்தப்பட்டேன்.

எட்டாம் மாதம் ஒருநாள் எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் என் விரலுக்குத் தட்டுப்பட்டது. வலது காதுக்குக் கீழே, தாடையும் கழுத்தும் சேர்கிற மடிப்பில், புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. என் கோடு முடிந்த இடத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை. கையை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

"நானும் பாத்தேன், நாலு நாளா இருக்கு" என்றார் மதினி. "நீ ஒண்ணும் பேசாத."

இந்த முறை என் கணவர் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தார். ரயிலில் ஒரு முடிவு செய்துகொண்டேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. எண்ணெய் வைத்தது, துடைத்தது, கோடு போட்டது, மிஷின்காரரிடம் சொன்னது, எதையும் விடாமல். என் கணவர் முன்னால்தான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லத்தான் வேண்டும்.

டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார். பழைய கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். அதில் ஒரு முகம் வரைந்து, அதன் மேல் கட்டம் போட்டிருந்தது. மேசையில் தலைகீழாகத் தெரிந்த அந்தக் கட்டத்தை எட்டிப் பார்த்தேன். கீழ்க் கோடு எலும்பைத் தாண்டி இறங்கியிருந்ததா? தலைகீழாக எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"டாக்டரம்மா, போன தடவ..." என்று ஆரம்பித்தேன்.

மேசைக்குக் கீழே மதினி என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதியும்படி பிடித்தார். "போன தடவ ரொம்ப நல்லாப் பாத்தீங்கம்மா" என்று அவரே பேச்சை எடுத்துக்கொண்டார். "இவ புள்ளைய விட்டுட்டு வந்து எனக்குக் கஞ்சி காச்சிக் குடுத்தா. இந்தத் தடவ எத்தன நாளாகும்?"

டாக்டரம்மா அறுவையைப் பற்றிச் சொன்னார். கழுத்தில் ஒரு பக்கம் முழுவதும் எடுக்க வேண்டும், எடுத்தாலும் நிச்சயமில்லை என்றார். என் கணவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். மதினி என் கையை விடவில்லை.

வெளியே, என் கணவர் மருந்துச் சீட்டோடு போன பிறகு, மரத்தடி பெஞ்சியில் உட்கார்ந்து கேட்டேன், "ஏன் மதினி தடுத்தீங்க?"

"சொன்னா கட்டி கரைஞ்சிருமா?"

"எனக்கு ஆறாதே."

"ஒனக்கு ஆறணும்னு என் தம்பி காதுல போடுவியா? அவென் ஒண்ணும் சொல்ல மாட்டான். ஆனா நான் போனதுக்கு அப்பறம் ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் ஒன் தலையில எண்ணெய் இருக்கான்னு பாப்பான். அவங்கூட நீ குடும்பம் நடத்தணும்." பிறகு, "எண்ணெய் கேட்டது நானு. அதையும் மறந்துட்ட" என்றார்.

அறுவை செய்தார்கள். ஐந்து மாதம் இருந்தார். கடைசி இரண்டு மாதம் பேச்சு இல்லை, சைகைதான். நான் எண்ணெய் வைக்கக் கையில் ஊற்றினால் தலையைக் காட்டுவார். ஊரில் அறுவடை முடிந்த பிறகு, என் மடியில் கை வைத்துப் படுத்திருந்த ஒரு காலை வேளையில், மகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பகுதி உண்டு, நோயாளி வீட்டுக்குப் போன பிறகு கடிதம் போட்டு எப்படி இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். எத்தனை வருஷமானாலும் விட மாட்டார்கள். மதினி இறந்து இரண்டு மாதம் கழித்து அப்படி ஒரு கார்டு வந்தது. அச்சடித்த கேள்விகள். நலமா, எடை கூடியிருக்கிறதா, மறுபடி கட்டி ஏதாவது உண்டா. என் கணவர் அதைக் கொண்டுவந்து கொடுத்து, "நீயே எழுதிப் போட்டுரு. எனக்கு முடியல" என்றார்.

இறந்த தேதியை எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் இந்த நோயாளியின் கோப்பை மூடும்போது அதில் இருபத்தைந்து தடவை சரியாக வைத்தோம் என்றுதான் இருக்கும். அப்படி வைத்தும் திரும்ப வந்தது என்று நினைப்பார்கள். அதைப் பார்த்து நாளைக்கு வேறு யாருக்கோ ஏதோ முடிவு செய்வார்கள். பொய்யான கணக்கு ஒன்று என் பேரில் அங்கே இருக்கிறது என்ற நினைப்பு என்னை விடவில்லை. அது மட்டும்தான் காரணமா, யாராவது ஒருவர் எனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் காரணமா, தெரியாது. தனியாக ஒரு இன்லண்டு கடிதம் வாங்கி, வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை நடந்ததை எழுதினேன். மேல் கோட்டுக்கு ஒரு விரற்கடை, கீழ்க் கோட்டுக்கு ஒரு விரற்கடை சந்தேகம் என்றும் எழுதினேன். இதுதான் காரணமா என்று கடைசியில் கேட்டிருந்தேன். ஆலங்குடி தபாலாபீசில் நானே போய்ப் போட்டேன்.

பதில் எந்த விலாசத்துக்கு வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் யோசிக்கிறவள், அதை யோசிக்கவில்லை. கோப்பில் இருந்தது திருவரங்குளம் யூனியன் ஆபீஸ் விலாசம். யாரும் படிக்கக்கூடிய திறந்த கார்டில், டாக்டரம்மா தன் கையாலேயே எழுதியிருந்தார்.

அது வந்த அன்று சாயங்காலம் என் கணவர் வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு, அடுப்படிக்கு வந்து கார்டை நீட்டினார். படித்திருந்தார் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் வாங்கி வாசித்தேன்.

"உங்கள் கடிதம் கிடைத்தது. கழுத்துக் கட்டி கோட்டினால் வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. கோடு சரியாக இருந்தவர்களுக்கும் இந்த நோயில் கழுத்தில் வருவதுண்டு. கோட்டினால் இல்லை என்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கடிதத்தைக் கோப்பில் சேர்த்திருக்கிறோம். இப்போது புதிதாக வருகிறவர்களிடம் தண்ணீரோடு எண்ணெயும் படக் கூடாது என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்."

அடுப்பில் பால் பொங்கியது. அவரே துணியைப் பிடித்து இறக்கி வைத்தார். மகள் வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு தூக்கச் சொன்னாள். தூக்கிக்கொண்டார்.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியுங்க. அவங்க கன்னத்துலதான போட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னாங்க."

அவர் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டார். வாசல் வரை போனார். அங்கிருந்தபடி, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"கோடு நேரா இருந்துச்சா?"

"நேராத்தாங்க போட்டேன்" என்றேன்.